எதிர்த்துப் பேச வந்தவள்

தொண்ணூற்றெட்டில் கலிஃபோர்னியாவின் மில்பிடாஸ் ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் மாதம் ஒருமுறை கூடி, பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையைப் படித்து விவாதிப்பார்கள். யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். இந்த முறை வந்த கட்டுரை, வேற்று மதத்தவரை மதம் மாற்றாமலே மணக்கலாம் என்றது. ஆன்லினுக்கு அதை எதிர்த்துப் பேசும் சீட்டு விழுந்தது.

யாழ்ப்பாணத்து இந்துவான சயந்தனைக் காதலிப்பதை அவள் இன்னும் வீட்டில் சொல்லவில்லை. சர்ச் கமிட்டியில் இருக்கும் அப்பா மோசஸ் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளைங்க குழம்பிப் போவாங்க," என்று ஆரம்பித்தாள்.

"ஏன் குழம்பணும்?" என்றார் எதிரணியில் இருந்த செல்வமணி ஆன்ட்டி.

"அதானே... குழம்ப மாட்டாங்க, ஆன்ட்டி."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்துச் சொன்ன காரணங்களையும் அவளே பாதியில் விட்டுக்கொடுத்துவிட்டு, முகம் சிவக்க உட்கார்ந்தாள்.

கார் ஃப்ரீவேயில் ஏறியதும் அப்பா கேட்டார்.

"எதிர்த்துப் பேசச் சொன்னா எல்லாத்துக்கும் ஆமாம் போடுறே. யாரும்மா அந்தப் பையன்?"

"சயந்தன்ப்பா. சிலோன்காரர். இந்து."

அப்பா காரின் வேகத்தைக் குறைத்தார்.

"அந்த எஸ்ஸேயை ரெண்டு தடவை படிச்சேன். அதுக்குப் பதில் சொல்ல எனக்கும் வரலை. சண்டே அவனைச் சாப்பிட வரச் சொல்லு."

"அம்மா?"

"அவகிட்ட நான் பேசிக்கிறேன். நீ பேசினா அங்கேயும் தோத்துடுவே."

ஆன்லினுக்குச் சிரிப்பு வந்தது. வீடு வரும்வரை அதை அவளால் நிறுத்த முடியவில்லை.