ஆறாம் மாடியில் நிற்பவர்கள்

சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியின் ஆறாம் மாடியில், பதினோரு பேர் உட்காரும் அறைக்குள், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு நூற்று நாற்பத்தாறு பேர் வந்து நின்றார்கள். லிஃப்டில் யாரும் ஏறவில்லை, கதவும் திறக்கவில்லை. ஒருவர் கம்பளிச் சட்டையில் இருந்தார், ஒருவர் லுங்கியில், ஒரு பெண்மணியின் கையில் பாதி கடித்த ரொட்டி. ஒரு முகத்திலும் சிநேகம் இல்லை.

அந்த அறையில் இணையம் கிடையாது. வெளிநாட்டு வாடிக்கையாளரின் ரகசியம் கசிந்துவிடும் என்று போனைக்கூட லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே இருப்பவர்களோ, முகம் தெரியாத யாரெல்லாமோ இலவசமாக எழுதிக் கொடுத்த நிரல் தொகுப்புகளை வைத்துப் பிழைப்பவர்கள். அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்ற விளக்கங்கள் இணையத்தில்தான் இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவற்றை வெளியே இறக்கி, உள்ளே சர்வரில் ஏற்றுவது ஜெசிந்தாவின் வேலை. மாமல்லபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். ஒப்பந்த வேலை, மாதக் கடைசியில் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு விளக்கத்தின் முடிவிலும் எழுதியவர்களின் பெயர்ப் பக்கம் உண்டு. எடுத்துக்கொள், பெயரை மட்டும் அழிக்காதே என்பதுதான் அவர்கள் கேட்ட ஒரே கூலி. ஒரு பக்கத்தில் ஜெசிந்தாவின் பெயரும் இருந்தது. நாலு வருஷம், சர்ச்சிலிருந்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, அறுபத்து நாலு விளக்கங்களைத் திருத்திக் கொடுத்திருந்தாள். அவள் பெயரை மரியாதையாக எழுதிய இடம் உலகத்தில் அது ஒன்றுதான். கம்பெனி அட்டையில்கூட அவள் பெயரைவிட 'கான்ட்ராக்ட்' என்பதுதான் பெரிதாக இருந்தது.

மேனேஜர் கார்த்திக்கு அந்தப் பக்கங்கள் உறுத்தின. வாடிக்கையாளர் ஆய்வுக்கு வரும்போது, எல்லாம் தங்கள் கம்பெனியே எழுதியது என்று காட்ட நினைத்தான். வெட்கங்கெட்டவன்.

"பேரையெல்லாம் தூக்கிட்டு நம்ம லோகோவப் போடு. இல்லன்னா மாசக் கடைசியோட கெளம்பு" என்றான்.

"என் பேரும் அதுல கீது சார்."

"நீ யாருன்னு கிளையண்ட்டுக்கு இன்னாத்துக்கு?"

வேலை வேண்டுமே, ஜெசிந்தா அழித்தாள். பெயருக்கு ஒருவராக அவர்கள் வந்து நின்றது அப்போதுதான். அவர்களில் ஜெசிந்தாவும் இருந்தாள், ஞாயிற்றுக்கிழமைச் சேலையில். நாற்காலியில் இருந்த ஜெசிந்தாவை அவள் காறித் துப்பப் போகிறவள் மாதிரி பார்த்தாள்.

செக்யூரிட்டி ஜெபக்குமார் வந்து பார்த்தார். கார்டு தேய்த்து உள்ளே வந்ததாகப் பதிவு இல்லாதவர்களை வெளியே விட அந்தக் கதவுக்கு வழியில்லை. "வந்ததே எழுதல, அப்பால எப்டி சார் அனுப்பறது?" என்று சொல்லிவிட்டுப் போனார். வியாழக்கிழமை ஆய்வுக்காரர்கள் வழி விடச் சொல்லி நெருக்கிக்கொண்டு நுழைந்து, பதிவேட்டைப் பார்த்து, அறையில் பதினோரு பேர் என்று குறித்துக்கொண்டார்கள். விளக்கங்களைப் பாராட்டினார்கள். கார்த்தி சிரித்தான். அந்தச் சிரிப்பை ஜெசிந்தாவால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் நூற்று நாற்பத்தாறு பெயர்களையும் திரும்பப் போட்டாள். அடுத்த நிமிஷம் அறை காலி. அன்றைக்கே அவளையும் காலி செய்தான் கார்த்தி. திங்கட்கிழமை அவனே உட்கார்ந்து பெயர்களை அழித்தான். ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் வந்துவிட்டார்கள். இந்த முறை சுவரோரம் நிற்கவில்லை, அவன் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். கம்பெனி இரண்டு டன் ஏசி கூடுதலாக மாட்டியது.

ஜெசிந்தாவின் அம்மா ஹெலன், கடற்கரை ஹோட்டல் ஒன்றில் துணி துவைப்பவள். அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து, வீட்டிலேயே இருந்த மகளைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

"தொரத்திட்டானேடி. ஒரேயடியா வந்துட்டியே!"

"எங்கம்மா வந்தேன்?" என்றாள் ஜெசிந்தா. "அவன் மூஞ்சிக்கு நேரா நின்னுகினு கீறேன். நவுர மாட்டேன்."

ஹெலன் மகளின் காலைப் பார்த்தாள். பிறகு, "கால் நோவப் போவுது" என்று சொல்லிவிட்டு, வெந்நீர் வைக்கப் போனாள்.