ஒரே ஒரு முள்

அக்காவின் தாடையை அவள் புருஷன் இஸ்திரிப்பெட்டியால் உடைத்த பிறகு, தம்பி அவளை ஆபீசுக்குப் பக்கத்திலேயே ஒரு வாடகை அறையில் ஒளித்துவைத்தான். தம்பியை ஆபீசில் சோடாபுட்டி என்பார்கள்; கண்ணாடி அவ்வளவு தடிமன். அக்கா புருஷனும் அதே பார்சல் கம்பெனியில்தான், கீழ்மாடியில் புரோகிராம் எழுதுகிறவன். "அவ கையில கிடைச்சா கழுத்தை நெரிச்சுடுவேன்" என்று லிஃப்டில் வைத்தே சொன்னான். சொன்னதைச் செய்கிற ஜென்மம் அது.

மேல்மாடியில் சோடாபுட்டிக்கு டேட்டாபேஸைக் காவல் காக்கிற வேலை. வாடிக்கையாளர் விவரங்கள் பல சர்வர்களில் பிரிந்து கிடக்கும். ஒரு ஆளின் விவரம் மூன்று சர்வர்களில் மட்டும் இருக்கும். எந்த சர்வரிடம் எத்தனை முறை படிக்கக் கேட்கிறார்கள் என்பது திரையில் கோடாக ஓடும். அன்று காலை மூன்று கோடுகள் மட்டும் எகிறின.

"சராசரி நல்லாத்தானே இருக்கு?" என்றார் மேனேஜர்.

"சராசரியை நம்பினா நடுத்தெருவுலதான் சார் நிக்கணும். மூணு மட்டும் ஏறுதுன்னா, யாரோ ஒரே ஆளோட விவரத்தை விடாம கேக்கறாங்க."

யாருடைய விவரம் என்று திறந்து பார்க்கிற வழக்கம் அங்கே கிடையாது. ஏதோ கோளாறு பிடித்த ஆப் என்று முடிவுகட்டி, வழக்கமான கைவைத்தியம் செய்தான்: சர்வர்களுக்கு முன்னால் ஒரு கேஷ், அதாவது கடைசியாகச் சொன்ன பதிலை நகலெடுத்து வைத்துக்கொள்கிற இடைத்தட்டு, வைத்தான். இனி அந்த விவரம் மாறினால்தான் கேள்வி சர்வர் வரை வரும். மற்றபடி கேஷே பதில் சொல்லி அனுப்பிவிடும். அந்த விவரத்துக்கென்று தனிக்கோடும் போட்டான். கோடு தொப்பென்று விழுந்து படுத்தது. பெருமை பிடிபடாமல் டீ குடித்தான்.

மத்தியானம் அக்கா போன் செய்தாள். தாடைக்கட்டோடு பேச்சு குழறியது. "மருந்து பார்சல்ல வருதுடா. உங்க ஆப்ல பழைய அட்ரஸ் இருந்துச்சு, இப்பதான் மாத்தினேன்."

படுத்திருந்த தனிக்கோட்டில் ஒரே ஒரு முள் எழும்பி அடங்கியது.

 சோடாபுட்டி அப்போதுதான் அந்த விவரத்தைத் திறந்தான். அக்கா பெயர். கேட்டுக்கொண்டே இருந்தது அவள் புருஷனின் கீழ்மாடிக் கம்ப்யூட்டர். ஆயிரம் தடவை கேட்டும் பாவிக்குக் கிடைத்தது பழைய அட்ரஸ். இந்த ஒரு தடவைதான் புதுசு.

தலைதெறிக்க ஓடினான். அறைக்கதவு பிளந்து கிடந்தது. புருஷன் அக்காவின் மார்மேல் உட்கார்ந்து கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தான். அவள் கால்கள் உதைத்து உதைத்து ஓய்ந்துகொண்டிருந்தன. சோடாபுட்டி இரும்பு நாற்காலியைத் தூக்கி அவன் மண்டையில் இறக்கினான். அவன் திரும்பி விட்ட குத்தில் கண்ணாடி நொறுங்கி, சில்லு கன்னத்தில் ஏறியது. மங்கலாகத் தெரிந்த தலையை மறுபடி அடித்தான். மறுபடியும். அசைவு நின்ற பிறகும் கை நிற்கவில்லை.

அக்காதான் தவழ்ந்து வந்து கையைப் பிடித்தாள். "அவனுக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

"காலையிலேர்ந்து உன்னைத் தேடிக்கிட்டே இருந்தான்க்கா. அந்தக் கோடு கத்திக் கத்திச் சொல்லுச்சு. நான்தான் அதோட வாயை அடைச்சுட்டேன்."