மரத்தின் மேல் கேட்டது

மாதையனைப் போலச் சந்தேகப்பிராணி நல்லம்பள்ளிப் பக்கத்தில் கிடையாது. புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்து உலுக்கி விற்கிறவர். கூலிக்கு ஆள் வைத்தால் மடியில் புளியைக் கட்டிக்கொண்டு போய்விடுவான் என்று, மகன் பூவரசனையே மரம் ஏற்றினார்.

போன வருசம் கொம்பு முறிந்து அந்த மகன் விழுந்தான். இடுப்பெலும்பு நொறுங்கி, இப்போது ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறான். விழுமுன் மேலிருந்து ஏதாவது சொன்னானா என்று ஊரே கேட்டது. காத்து அடித்தது, ஒன்றும் கேட்கவில்லை என்று எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னார் மாதையன். சொல்லிச் சொல்லி அவருக்கே அது நிஜம்போல ஆகிவிட்டது.

இந்த வருசமும் குத்தகைக்கு மரம் பிடித்தார். வேண்டாம் என்றான் மகன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏற ஆளில்லை, துரட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அறுபத்தெட்டு வயசில் தானே ஏறினார். மகனும் மருமகள் சோபனாவும் கீழே புளி பொறுக்கினார்கள்.

கிளைக் கவட்டையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். காற்று பலமாகத்தான் அடித்தது. அதையும் மீறி மருமகள் தாழ்ந்த குரலில் பேசுவது மேலே வந்தது.

"ஓசூர் வாட்ச்மேன் வேலைக்கு இன்னிக்கே பதில் சொல்லணும். உக்காந்து பாக்குற வேல. மாமாகிட்ட சொல்லுங்களேன்."

"அவரு என்னிக்குக் காதுல வாங்குனாரு? கொம்பு இத்துப்போயிருக்குப்பான்னு அன்னிக்குத் தொண்ட கிழியக் கத்துனேன். நிமுந்து பாத்துட்டு, பயந்தாங்கொள்ளி, ஏறுடான்னாரு."

"கேக்கலன்னு ஊரெல்லாம் சொன்னாரே?"

"சொல்லிட்டுப் போறாரு. அத வெச்சுக்கினு நான் என்ன பண்றது? எப்பவோ வுட்டுட்டேன்."

மாதையன் கொம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கீழே முணுமுணுத்தது இங்கே கேட்கிறது. இங்கிருந்து கத்தியது கீழே கேட்காமலா போகும்? எல்லாம் தெரிந்த மகன், வாயைத் திறக்காமல் தினமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறான்.

மெதுவாக இறங்கி மகன் எதிரில் குந்தினார்.

"ஓசூர் சங்கதி என்னன்னு சொல்லு. கேக்கறேன்."

பூவரசன் தயங்கித் தயங்கிச் சொன்னான். தங்க இடம் உண்டு, படி ஏறவேண்டாம், சோபனாவுக்கும் ஏதாவது வேலை கிடைக்கும். கம்பெனிக்காரனை நம்பாதே என்று மாதையனுக்கு நுனிநாக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். அவன் முடிக்கிற வரைக்கும் கேட்டார்.

"வர்றேன்னு போன் பண்ணிச் சொல்லிடு" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கு எனக்குக் கேட்டுச்சுடா."

"தெரியும்ப்பா."

அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சருகில் காலை இழுத்துக்கொண்டு போன் பேசத் தள்ளிப்போனான் மகன். அந்தக் கால் இழுபடுகிற சத்தம் நிற்கிற வரைக்கும் மாதையன் தலை நிமிரவில்லை.

மரத்தில் பாதிப் புளி அப்படியே தொங்கியது. இனிமேல் கூலிக்குத்தான் ஆள் வைக்கவேண்டும். மடியில் கட்டிக்கொண்டு போனால் போகட்டும். ஏறுகிறவன் மேலே நின்று ஏதாவது சொன்னால், உடனே இறங்கச் சொல்லிவிட வேண்டும்.