பஞ்சர் இல்லாத ஸ்டெதஸ்கோப்

நான் இங்கே எழுதப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. என் கண், மூக்கு, பல்செட்டு எல்லாவற்றின் மேலும் ஆணை. என் காதாலேயே கேட்டதைத்தான் எழுதுகிறேன். சந்தேகம் உள்ளவர்கள் என் மாமாவைக் கேட்கலாம். அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது என்றாலும் எப்போதும் என் பக்கம்தான் பேசுவார்.

மருத்துவக் கல்லூரியில் ஆரம்ப வருடங்கள் எனக்குப் பயமில்லாமல் ஓடின. அப்போதெல்லாம் பிணங்களோடுதான் பழக்கம். அவை திருப்பிக் கேள்வி கேட்பதில்லை. மூன்றாம் வருடம் வார்டுக்குள் விட்டார்கள். அங்கே படுத்திருந்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். "டாக்டர்" என்று கூப்பிட்டார்கள். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று நான் பின்னால் திரும்பிப் பார்ப்பேன்.

பெயிலானால் எனக்கு வேலை தயாராக இருந்தது. அதுதான் சங்கடமே. மாமாவுக்கு லாரி டயர் கடை. எனக்கு ஆறு வயதில், அந்தக் கடை வாசலில் விளையாடிக்கொண்டிருந்தபோது, காற்று ஏறிக்கொண்டிருந்த டயர் ஒன்று என் பக்கத்திலேயே வெடித்தது. என்னைப் பக்கத்துக் கட்டடத்து மொட்டை மாடியிலிருந்து இறக்கிக் கொண்டுவந்ததாக அம்மா சொல்வாள். அதிலிருந்து ஒரு சைக்கிள் எதிரே வந்தால்கூட நான் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவேன். மாமாவுக்கோ பிள்ளை இல்லை. என் அளவுக்கு ஒரு காக்கிச் சட்டை தைத்துக் கடையில் ஆணியில் மாட்டி வைத்திருந்தார்.

"அவசரமே இல்ல மாப்ள. நல்லா படி. வரலைன்னா சட்டை ரெடியா இருக்கு" என்பார். பாசமாகத்தான் சொல்வார். அந்தச் சட்டை என் கனவில் வந்து, இரண்டு கையையும் நீட்டி என்னைக் கட்டிப்பிடிக்கும்.

ஸ்டெதஸ்கோப் வாங்க அவரே கூட வந்தார். கடைக்காரர் கண்ணாடி மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார். "குழாய் குட்டையா இருந்தா சத்தம் நல்லா வரும் சார். நீளமா இருந்தா நோயாளி இருமுறது உங்க முகத்துல படாது. எது வேணும்?"

எனக்கு இரண்டுமே பயமாக இருந்தது. நடுவாக ஒன்றைத் தொட்டேன். மாமா அதைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தார். இழுத்துப் பார்த்தார். "ரப்பர் பரவாயில்ல. ஒரு தொட்டியில தண்ணி கொண்டாங்க."

"தண்ணி எதுக்கு சார்?"

"பஞ்சர் பாக்க வேண்டாமா?"

கடைக்காரர் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை. தரை துடைக்கும் வாளியைக் கொண்டுவந்து வைத்தார். மாமா குழாயை முக்கி, காதில் வைக்கும் முனையில் வாயை வைத்து, கன்னம் புடைக்க ஊதினார். குமிழி வரவில்லை. "சுத்தமான சரக்கு. எடுத்துக்கோ" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். வெளியே வந்ததும், நெஞ்சில் வைக்கிற வட்டத் தலையைப் பிடித்து ஆட்டினார். அது திரும்பியது. அவர் முகம் மாறிவிட்டது. "தலை ஆடுது மாப்ள! ஓடுற வண்டியில ஒரு நட்டு ஆடினாலே குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துரும். இது உயிர் சமாச்சாரம்." பையிலிருந்து பஞ்சர் ஒட்டும் பசையை எடுத்தார். அந்தத் தலையின் கழுத்தில் தாராளமாகப் பூசி, காயும்வரை ஊதி, இனிமேல் எந்த ஜென்மத்திலும் ஆடாதபடி செய்து என் கழுத்தில் மாட்டினார்.

மறுநாள் வார்டு. எங்கள் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் இடி. முதலில் மூக்குக்கண்ணாடி மின்னும், பிறகு குரல் வரும். ஒரு நோயாளியைச் சுற்றி எங்களை வரிசையாக நிறுத்தி, "இவருக்கு இதய வால்வுல ஓட்டை. ஒரு முணுமுணுப்பு கேக்கும். ஒவ்வொருத்தரா வந்து கேளுங்க" என்றார்.

எனக்கு முன்னால் என் அறைத்தோழன். உயரத்துக்காக அவனை ஒட்டகம் என்போம். அவன் குனிந்து, கண்ணை மூடி, கச்சேரியில் முதல் வரிசையில் உட்கார்ந்தவன் மாதிரி தலையை ஆட்டினான். என் முறை வந்தது. தட்டையான பக்கத்தை நெஞ்சில் வைத்தேன்.

ஒன்றுமே இல்லை.

மெதுவாகக் கேட்டது, தூரத்தில் கேட்டது என்றெல்லாம் சொல்ல வழியில்லை. மூடிய கிணற்றுக்குள் தலையை விட்டால் இருக்குமே, அப்படி ஒரு அமைதி. கண்ணாடி மின்னியது.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சார்."

"எப்படிக் கேட்டுச்சு?"

"முணுமுணுன்னு சார்."

"குட். நெக்ஸ்ட்."

அடுத்த கட்டில், அதற்கடுத்த கட்டில் என்று வைத்துப் பார்த்தேன். யாருக்குமே இதயம் அடிக்கவில்லை. வார்டு முழுக்கச் செத்தவர்கள் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் என்னிடம் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்தார்.

அறைக்கு வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டு, சட்டையைக் கழற்றி என் நெஞ்சிலேயே வைத்தேன். அங்கேயும் அதே கிணறு. நான் எப்போது செத்தேன் என்று யோசிக்க ஆரம்பித்தேன். காலையில் பல் தேய்த்தது நினைவிருந்தது. அதற்குப் பிறகுதான் எங்கோ நடந்திருக்க வேண்டும். சுவரில் வைத்தேன். சுவரிலும் சத்தமில்லை. ஆக, நானும் சுவரும் ஒரே நிலை. கண்ணாடி முன் நின்று மூச்சு விட்டேன், ஆவி படிந்தது. சுவர் அந்த அளவுக்குச் செய்யாது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்பீர்கள். மூன்றாம் வருடத்தில் போய் ஸ்டெதஸ்கோப்பில் எப்படிக் கேட்பது என்று விசாரிப்பது, தாலி கட்டி முடித்துவிட்டுப் பெண்ணின் பெயரை விசாரிப்பது மாதிரி. சரி, ஒட்டகத்தின் ஸ்டெதஸ்கோப்பைக் கடன் வாங்கிப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். அதிலும் கேட்காவிட்டால்? கருவி கோளாறு என்றால் மாற்றலாம். ஆள் கோளாறு என்றால் காக்கிச் சட்டைதான்.

அதனால் வருடம் பூராவும் தலையாட்டினேன். எல்லாரும் ஆட்டும்போது ஆட்டினேன், நிறுத்தும்போது நிறுத்தினேன். பயத்தில் இளைத்து, கடைசியில் வெள்ளைக் கோட்டு மட்டும் தனியாக வார்டுக்கு வந்து போவதாக நர்ஸுகள் பேசிக்கொண்டார்கள்.

செய்முறைப் பரீட்சை வந்தது. அரையாண்டுச் செய்முறையில் ஏற்கெனவே கோட்டைவிட்டவன் நான். இந்த முறையும் போனால் கல்லூரியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். நோயாளியின் கட்டிலை மறைத்த திரைக்கு வெளியே இடியும், வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் ஒருவரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முன்னால் போன ஒட்டகம் விசிலடிக்காத குறையாக வெளியே வந்தான். "ஈசிடா. நார்மல்னு சொல்லு, போதும்" என்று காதருகே சொல்லிவிட்டுப் போனான்.

திரைக்குள்ளே ஓய்வு பெற்ற போஸ்ட்மேன் ஒருவர் சட்டையில்லாமல் கட்டிலில் சாய்ந்திருந்தார். நர்ஸம்மா ஒருவர் பக்கத்தில் நின்றார்.

"வாங்க தம்பி. பயப்படாதீங்க" என்றார் போஸ்ட்மேன். "வருஷா வருஷம் பரீட்சைக்கு என்னையத்தான் கூப்பிடுவாங்க. என்னையப் பாத்துப் பெரிய டாக்டரானவங்க எத்தனையோ பேரு."

"உங்களுக்கு என்ன வியாதி?"

"அதை நான் சொல்லக் கூடாது. போன வருஷம் ஒரு தம்பி இந்த இடத்துலதான் மயங்கி விழுந்தாரு. நான்தான் தூக்கி உக்கார வச்சேன். உங்களுக்குக் கீழ மெத்தை ஏதாவது போடச் சொல்லவா?"

என் நெஞ்சு அடித்த அடியில் கட்டில் ஆடியது. போஸ்ட்மேன் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "நர்ஸம்மா, யாரோ கதவைத் தட்டுறாங்க பாருங்க." நர்ஸம்மா போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒருவரும் இல்லை என்று வந்தார். மறுபடி தட்டும் சத்தம் கேட்டது. மறுபடி போனார்.

வழக்கம்போல இடது மார்பில் வைத்தேன். கிணறு. ஊர் முழுக்கக் கேட்கிற என் இதயம்கூட அந்தக் குழாய்க்குள் வரவில்லை. திரை விலகியது. இடி நின்றார். பின்னால் வெளியூர்ப் பரீட்சகர், தூக்கம் கலையாத முகத்தோடு.

"இதயத்துல என்ன கேட்டுச்சு?"

நார்மல் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பயம் எல்லை மீறினால் மனிதனுக்குப் பொய் சொல்லும் சக்திகூடப் போய்விடும் போலிருக்கிறது.

"ஒண்ணுமே கேக்கல சார்."

கண்ணாடி மின்னியது. "என்ன சொன்னே?"

"சத்தமே இல்ல சார்."

"ஏன் இல்ல?"

"அங்க இதயமே இல்ல சார்."

காக்கிச் சட்டையின் கை என் தோளில் விழுவது எனக்குத் தெரிந்தது. பஞ்சர் பசை வாசனைகூட வந்தது. இடியின் குரலுக்காகக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"சபாஷ்!"

கண்ணைத் திறந்தேன். இடி சிரித்துக்கொண்டிருந்தார். அதுவரை அவருக்குப் பற்கள் உண்டென்றே எங்களுக்குத் தெரியாது. "பாத்தீங்களா சார்?" என்றார் வெளியூர்க்காரரிடம். "காலையிலேருந்து வந்தவன் எல்லாம் இடது பக்கம் வச்சுட்டு நார்மல் நார்மல்னு சொல்லிட்டுப் போறான். அங்க இல்லைன்னு சொன்னது இவன் ஒருத்தன்தான். சொல்லுப்பா, இதயம் வேற எங்க இருக்கு?"

எங்கே இருக்க முடியும்? போஸ்ட்மேன் கொட்டாவி விட்டபடி தம் வலது மார்பைச் சொறிந்தார். சொறிந்துகொண்டே இருந்தார்.

"வலது பக்கம் சார்."

"பிறவியிலேயே வலது பக்கம்! எக்ஸ்ரே இந்தா இருக்கு. பிரமாதம்!" என்றவர், "உன் ஸ்டெத்தைக் குடு, சாருக்குக் காட்டுறேன்" என்று கையை நீட்டினார்.

அதற்கு முன்னால் பட்டதெல்லாம் ஒரு பயமே இல்லை. இடி அதைக் காதில் மாட்டிக்கொண்டு ஒரு நொடி கேட்டால் போதும், கருவியில் சத்தமே வராது என்பதும், நான் ஒரு வருடமாக எதையுமே கேட்கவில்லை என்பதும் அம்பலமாகிவிடும். கழுத்திலிருந்து கழற்றவே விரல் வரவில்லை. அவரே உருவிக்கொண்டார். காதில் மாட்டினார். போஸ்ட்மேனின் வலது மார்பில் தட்டையான பக்கத்தை வைத்தார். குனிந்தார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நர்ஸம்மா மூன்றாவது முறையாகக் கதவைத் திறக்கப் போனார்.

இடி மெதுவாகக் கண்ணை மூடினார். தலையை ஆட்டினார். "ஆஹா. மணி அடிச்ச மாதிரி கேக்குது."

வெளியூர்க்காரர் வாங்கி வைத்துக் கேட்டார். "ஆமா சார். ரொம்பத் தெளிவா இருக்கு. நல்ல ஸ்டெத். எங்கேப்பா வாங்கின?"

பாஸ் போட்டுவிட்டார்கள். நான் அழுதுகொண்டே வெளியே வந்தேன். சந்தோஷத்தில் இல்லை. கருவி நன்றாக இருக்கிறது என்றால், இரண்டு பெரியவர்களுக்குக் கேட்டது எனக்குக் கேட்கவில்லை என்றால், கோளாறு நான்தானே?

அறையில் ஒட்டகம் குப்புறப் படுத்திருந்தான். அவனை அடுத்த முறை வரச் சொல்லிவிட்டார்கள். அவனிடம் முதல்முறையாக எல்லாவற்றையும் கொட்டினேன். எழுந்து உட்கார்ந்து என் ஸ்டெதஸ்கோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏண்டா, கழுத்துல என்ன இது, இவ்வளவு பசை?"

"தலை ஆடுச்சுன்னு மாமா ஒட்டினாரு."

"அடப்பாவி! ஆடணும்டா அது! இப்படித் திருப்பினா தட்டைப் பக்கம் திறக்கும். அப்படித் திருப்பினா அது மூடிக்கிட்டு மறுபக்கம் திறக்கும். உங்க மாமா தட்டைப் பக்கத்தை மூடி வச்சுல்ல ஒட்டியிருக்காரு! இதுல பக்கத்துல இடியே விழுந்தாலும் கேக்காது."

பேனாக்கத்தியால் பசையைச் சுரண்டித் தலையைத் திருப்பினான். டக்கென்று உட்கார்ந்தது. என் காதில் மாட்டி, என் நெஞ்சில் வைத்தான். டம் டம் டம் டம் என்று லாரி ஒன்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. நான் உயிரோடுதான் இருந்தேன்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்தோம். பிறகு ஒட்டகம் சிரிப்பை நிறுத்தினான்.

"டேய். அப்போ இடி என்னத்தடா கேட்டாரு?"

கேட்டுவிட்டு ஒட்டகமே பட்டப்பகலில் எழுந்துபோய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டான்.

மாமா அந்தக் காக்கிச் சட்டையைக் கிழித்து, கை துடைக்கும் துணியாக வைத்துக்கொண்டார். ஒரு துண்டில் கண்ணையும் துடைத்ததைப் பார்த்தேன். நான் இதய டாக்டராகி, பெரிய பெயர் எடுத்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆனாலும் இன்றைக்கு எந்த டாக்டராவது என் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடித் தலையாட்டினால், உள்ளங்கால்வரை சில்லிட்டுப் போகிறது.

இதுவும் என் பல்செட்டின் மேல் ஆணை: ஆறு வயதில் அந்த லாரி டயர் பக்கத்தில் வெடித்த நாளிலிருந்து எனக்கு இரண்டு காதும் சுத்தமாகக் கேட்காது.