வின்னி வீட்டுக் கொடியில் துணி

நடிகன் டெஸ்மண்ட் ஹார்க்கர் அன்று ஏன் கப்பல் ஏறவில்லை என்பதற்கு மூன்று பேட்டிகளில் மூன்று காரணங்கள் சொல்லியிருந்தான். முதலில் காய்ச்சல். ஹாலிவுட்டில் மீனவன் வேடம் போட்டுப் பேர் வாங்கிய பிறகு குடல்வால் வலி. விருது வாங்கிய வருடம் வெறும் அதிர்ஷ்டம். மூன்றையும் கத்தரித்து வைத்திருக்கிறேன்.

இங்கிலாந்தில், ஹல் துறைமுக நகரத்தில் எங்கள் தெருவில்தான் அவன் வளர்ந்தான். அப்பாவைக் கடல் கொண்டுபோனது. அம்மா வின்னி மீனுக்குப் புகைபோடும் கூடத்தில் வேலை பார்த்தாள். இரவல் பூட்ஸில் பள்ளிக்குப் போனவன், பத்தொன்பது வயதில் மீன்பிடிக் கப்பலில் சேர்ந்தான். அவர்கள் கொல்லைக்கும் எங்கள் கொல்லைக்கும் நடுவே ஒரு குட்டைச் சுவர்தான்.

புருஷனோ பிள்ளையோ கடலுக்குப் புறப்படும் நாளில் எங்கள் தெருப் பெண்கள் துணி துவைக்க மாட்டோம். துவைத்தால் அலை அவர்களை அடித்துக்கொண்டு போய்விடும். இதில் வின்னியைப் போலக் கண்டிப்பானவள் கிடையாது. ஆனால் டெஸ் புறப்பட வேண்டிய அன்று காலை அவள் கொடியில் படுக்கை விரிப்பும் அவன் சட்டைகளும் தொங்கின. பாவம், நாளைக் குழப்பிக்கொண்டாள் என்று நினைத்தேன். டெஸ்ஸுக்காகப் பயந்தேன். போய்க் கேட்கவில்லை.

நண்பகலில் கம்பெனி ஆள் எங்கள் கதவைத் தட்டினான்.

"ஹார்க்கர் பையனுக்கு உடம்பு முடியலையாம். ஒரு ஆள் குறையுது. ஓதம் வடியறதுக்குள்ள கப்பல் கிளம்பணும், ரெஜ்."

என் கணவர் ரெஜ் கரைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. உடனே திரும்பக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று, விதர்ன்சி என்ற கடற்கரை ஊரில் என் அக்கா வீட்டுக்குப் போவதாகக் கம்பெனியில் சொல்லி வைத்திருந்தார்.

"நான் ஊர்ல இல்லைன்னுல்ல சொன்னேன்?"

"நீ ஊர்லதான் இருக்கேன்னு சொன்னாங்க."

யார் என்று கேட்பதற்குள் அவன் படியிறங்கிவிட்டான். மறுத்தால் அடுத்த கப்பலில் இடம் கிடைக்காது. ரெஜ் போனார். மூன்றாம் வாரம், நார்வேக்கு வடக்கே பனி உறைந்து பாரமேறிக் கப்பல் கவிழ்ந்தது. ஒருவரும் திரும்பவில்லை. அந்த மாதமே டெஸ் லண்டனில் குடியேறிவிட்டான். வின்னி சாகும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரெஜ் ஊரில் இருப்பதைச் சொன்னது யார்? நாற்பத்தெட்டு வருடமாக எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு பதில்தான்.

எங்கள் ஊரில் புதுப்பித்த நாடக அரங்கைத் திறந்துவைக்க, கடந்த இலையுதிர் காலத்தில் டெஸ் வந்தான். விழா நாள் காலையில் என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினான். பக்கத்து வீட்டு ஆக்னஸுக்குக் கை கால் ஓடவில்லை.

"ஹாலிவுட்காரன் வர்றான், நீ இந்தப் பழைய ஸ்வெட்டரோடவா நிக்கப்போறே?"

"அவன் மூக்கைத் துடைச்சுவிட்டதெல்லாம் இதைவிடப் பழசுலதான்டி."

டெஸ் என் சமையலறையில் உட்கார்ந்து தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டான். பற்கள் எல்லாம் புதியவை.

"நீ அப்படியே இருக்கே, நோரீன்."

"பொய் சொல்றதுக்கு உனக்கு அங்க சம்பளம் தர்றாங்க. இங்க வேண்டாம். அன்னைக்கு உங்கம்மா எதுக்குத் துணி துவைச்சா?"

கலக்கிக்கொண்டிருந்த கரண்டி நின்றது.

"லண்டன் நாடகப் பள்ளியில இருந்து கடிதாசு வந்திருந்தது. மறுநாள் போய் நடிச்சுக் காட்டணும். நான் கப்பல் ஏறப்போறதில்லைன்னு அம்மாவுக்கு மட்டும் தெரியும். கம்பெனி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருந்தேன், முன்னாடியே சொல்லியிருந்தா போலீஸை வச்சு ஏத்தியிருப்பாங்க."

"ரெஜ் பேரைச் சொன்னது?"

ஜன்னலைப் பார்த்தான்.

"வேற யாராவது இருக்காங்களான்னு அந்தக் கம்பெனி ஆள் எங்க வாசல்ல நின்னு கேட்டான். மாடியில இருந்து நான்தான் சொன்னேன். அவன் போய்த் தொலைஞ்சாப் போதும்னு இருந்துச்சு."

அழுதான். படங்களில் அவனுக்கு இடது கண்ணில்தான் முதலில் நீர் வரும். இப்போதும் அப்படியே வந்தது. அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"சாயங்காலம் மேடையில, எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

"சொல்லு."

முன்வரிசையில் எனக்கு இடம் ஒதுக்கியிருந்தான். சொல்லவும் செய்தான். லண்டன் கடிதம், காய்ச்சல் என்ற பொய், வாசலில் நின்ற ஆள், எதையும் விடவில்லை. எனக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கடைசியில் குரலைத் தாழ்த்தினான்.

"என்னைக் காப்பாத்த எங்கம்மா ரெஜ் பேரைச் சொல்லிட்டாங்க. சாகும்வரைக்கும் அந்தப் பாரத்தைச் சுமந்தாங்க."

கைதட்டல் தொடங்கியது. நான் எழுந்து நின்றேன்.

"வின்னி சொல்லலை. நான்தான் சொன்னேன்னு காலையில என் வீட்டுல உக்காந்து நீயே சொன்னியே, டெஸ்."

கைதட்டியவர்கள் நிறுத்தினார்கள். நான் உட்காரவில்லை.