வளையம் விழாத தட்டுகள்

ஒருத்திக்கு மட்டும் பூஜ்யம் வந்தால் அவள் கைதான் சரியில்லை என்று ராஜேந்திரன் சார் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஜீவனஹள்ளிப் பள்ளியில் அவர் பயாலஜி வாத்தியார், நான் லேப் அட்டெண்டர். தினமும் தங்கவயலிலிருந்து ரயிலேறி வந்து தட்டு கழுவுகிற அல்போன்சா. அந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

பரிசோதனை ஒன்றும் பெரிய வித்தையில்லை. பாக்டீரியா தடவிய தட்டின் நடுவே, பென்சிலின் ஏற்றிய சின்னக் காகித வில்லையை வைத்து மூடி, ஒரு நாள் விட வேண்டும். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி எதுவும் வளராமல் தெளிவாக ஒரு வளையம் விழும். அதை ஸ்கேலால் அளந்து எழுத வேண்டும். எங்கள் பள்ளியில் யார் அளந்தார்கள்? போன வருஷத்து ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து இருபத்திரண்டு மில்லிமீட்டர் என்று எழுதிவிடுவார்கள், சாரும் டிக் போட்டுவிடுவார். இந்த வருஷம் யாமினி என்ற பெண் மட்டும் அளந்தாள். வளையமே இல்லை, பூஜ்யம் என்று எழுதினாள். மாற்றச் சொன்னதற்கு, பார்த்தது அதுதான் சார், மாட்டேன் என்றாள்.

வளையம் எப்படி விழும்? வில்லைகள் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டியவை. அட்மிஷனுக்கு வருகிற பெற்றோருக்குக் கூல்டிரிங்க்ஸ் அடுக்க இடம் வேண்டுமாம், டப்பாவை ஜன்னலோரம் வை என்றார் சார். மூன்று வாரம் வெயிலில் கிடந்து மருந்து செத்துப்போனது. எடுத்து வைத்த மகராசி நான்தான். கான்ட்ராக்ட் வேலை, வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இன்று வெளியிலிருந்து எக்ஸாமினர் அம்மா வந்திருந்தார். யாமினிக்கு ப்ராக்டிகல் மார்க் போட முடியாது என்று சார் கன்னடத்தில் தேனொழுகப் பேசினார். மார்க் போனால் அவளுடைய நர்சிங் சீட்டும் போச்சு. அவள் தலை குனியாமல் நின்றாள். அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

தட்டுகளைப் பரிசோதனை முடிந்த அன்றைக்கே பிளீச்சிங் வாளியில் போடச் சொல்லியிருந்தார் சார். நான் போடவில்லை. மூடி ஒட்டியபடி இருபத்தொன்பதையும் கொண்டுவந்து மேஜையில் பரப்பினேன். ஒன்றில்கூட வளையம் இல்லை. டப்பா, ஜன்னல், கூல்டிரிங்க்ஸ், எல்லாவற்றையும் கன்னடத்திலேயே கொட்டினேன். சார் என்னை முறைத்தார். முறைக்கட்டும்.

எக்ஸாமினர் அம்மா ஒவ்வொரு தட்டாகத் தூக்கிப் பார்த்தார். மீதி இருபத்தெட்டு நோட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். யாமினிக்கு முழு மார்க் போட்டார்.

ஏதாவது சொல்வாள் என்று யாமினியிடம் போனேன்.

"உங்களுக்கு எப்ப இருந்து தெரியும்க்கா?"

போன திங்கட்கிழமையிலிருந்து என்றேன்.

"எட்டு நாளா என் கைதான் சரியில்லன்னு அழுதுட்டு இருந்தேன்."

பையை எடுத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே போனாள்.