ஆறாவது மாடியில் ஓர் இடம்

எனக்கு இரண்டு மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஒன்றுகூடக் கிடைக்காதவர்கள் ஆயிரக்கணக்கில் அழுதுகொண்டிருந்த அந்த வாரத்தில், இரண்டு கிடைத்துவிட்டதே என்று அழுத ஒரே ஜென்மம் நானாகத்தான் இருப்பேன்.

முதலாவது, எங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்ந்த கல்லூரி. நூறு வருடப் பெருமை. இரண்டாவது, பஸ்ஸில் ஒன்பது மணி நேரம் தள்ளி, ஆரம்பித்து ஏழே வருடமான கல்லூரி. அதன் பெயரைச் சொன்னால், "அங்க காலேஜெல்லாம் இருக்கா?" என்று கேட்பார்கள். வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் முடிவு சொல்ல வேண்டும். உள்ளூர் என்றால் அசல் சான்றிதழ்களை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வெளியூர் என்றால் போனில் சம்மதம் என்று அழுத்தினால் போதும்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுதான் அம்மாவின் கேள்வி.

"கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையுறவளை இப்பத்தான் நேர்ல பாக்குறேன்," என்றாள். அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டும் அவளால் திட்ட முடியும். "நடந்தா கால் மணி நேரம். உங்க அப்பா வேற அங்கயே இருக்காரு. இதைவிட என்னடி வேணும் உனக்கு?"

அப்பா அங்கேயே இருப்பதுதான் பிரச்சினை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அப்பா அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறார். பழைய கட்டடம், நான்கு லிஃப்டுகள். கதவைக் கையால் இழுத்துச் சாத்த வேண்டும். ஸ்ட்ரெச்சர் வந்தால் மற்றவர்களை இறக்கிவிட வேண்டும். அதனால் இன்னமும் ஆள் வைத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடமாக ஒரு ஸ்டூல், ஒரு பட்டன் பலகை, ஒரே கேள்வி: "எந்த மாடி?" என்னோடு படிக்கப்போகிற டாக்டர் வீட்டுப் பிள்ளைகள் அவரிடம் ஆறு, ஏழு என்று விரலைக் காட்டிவிட்டு ஏறுவார்கள். நான் பக்கத்தில் நிற்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்கு வேறு நல்ல பெயர் இருக்குமா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நேர்முகத் தேர்வன்று ஆறு மாடியும் படியேறித்தான் போனேன். உடற்பயிற்சி என்று அப்பாவிடம் சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

அந்தத் தேர்வே விசித்திரமாக இருந்தது. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா என்ன வேலை என்று கேட்டார்கள். இதே ஆஸ்பத்திரிதான் என்றேன். என்ன வேலை என்று மறுபடி கேட்டார்கள். லிஃப்ட் என்றேன். ஐந்து முகங்களும் ஒரே சமயத்தில் கனிந்தன. அதன்பிறகு பாடத்தில் ஒரு கேள்விகூட வரவில்லை. "ரொம்ப சந்தோஷம்மா, போயிட்டு வா" என்றார்கள். வெளியூர்க் கல்லூரியிலோ முக்கால் மணி நேரம் என்னை வறுத்தெடுத்தார்கள். சிறுநீரகத்தைப் பற்றிய ஒரு கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்லி, அந்த இடத்திலேயே திருத்திக்கொண்டேன். கேள்வி கேட்ட அம்மையார் எதையோ எழுதிக்கொண்டு தலையை ஆட்டினார். நடுங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன், ஆனால் பசித்தது. நன்றாகச் செய்த நாட்களில்தான் எனக்கு அப்படிப் பசிக்கும்.

அப்பாவிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"உன் இஷ்டம்மா."

"என் இஷ்டம் எனக்கே தெரியலப்பா. அதான் உங்களைக் கேக்குறேன்."

"யோசிச்சு செய்."

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். எங்கள் அப்பா அதற்கு நேர்மாறு: காது கேட்கும், வாய்தான் சுவர். டாக்டர்கள் லிஃப்டுக்குள் எதையெதையோ பேசுவார்கள். லிஃப்டில் கேட்டது லிஃப்டோடு நின்றுவிட வேண்டும் என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் அங்கே படுத்திருந்தபோது, அவர் பிழைக்கமாட்டார் என்பது அப்பாவுக்கு மூன்று நாள் முன்பே தெரியும். அக்கா தினமும் அவருடைய லிஃப்டில்தான் போய்வந்தார். "நாலாவது மாடி" என்பதற்கு மேல் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பிற்பாடு இது தெரிந்து அம்மா ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

புதன்கிழமை நானே முடிவுக்கு வந்தேன். துப்புரவுப் பணியாளரிலிருந்து தலைமை நர்ஸ் வரை எல்லாரும், எனக்கு இடம் கிடைத்ததைக் கேட்டு, அப்பாவுக்குக் கைகொடுத்திருந்தார்கள். அந்த மனுஷனைப் பார்த்து வெட்கப்பட்ட பாவத்துக்கு, ஐந்தரை வருடம் அவர் கண் முன்னாலேயே படித்துவிடுவது என்று தீர்மானித்தேன். "உள்ளூர்லயே சேர்றேன்," என்று சொன்னதும் அம்மா குண்டூசிகளைத் துப்பிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அப்பா தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரே தம்ளரை வெகுநேரம் கழுவினார்.

வியாழக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும்போது அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஆபீஸ் ஆறாவது மாடில. படில ஏறிப் போயிடும்மா."

எனக்குச் சுரீர் என்றது. அன்றைக்கு நான் ஏன் படியேறினேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைத்தான் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். மத்தியானம் மூன்று மணிக்குச் சான்றிதழ் உறையோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, படிக்கட்டின் பக்கமே திரும்பாமல் நேராக அப்பாவின் லிஃப்டுக்குள் ஏறினேன். வாசலில் கொடுத்த முகக்கவசத்தைப் போட்டிருந்தேன். ஆனாலும் அவர் கண்டுகொண்டார். முகம் வெளுத்துவிட்டது.

"படில போகச் சொன்னேனே..."

"ஆறாவது மாடி," என்றேன் வீம்பாக.

மூன்றாவது மாடியில் இரண்டு பேராசிரியர்கள் ஏறினார்கள். இருவரையும் எனக்குத் தெரியும்; நேர்முகத் தேர்வில் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள். ஒருவர் வழுக்கை, மற்றவர் ஒல்லி. நான் மூலைக்கு ஒதுங்கினேன். "அஞ்சு," என்றார் வழுக்கை, பலகையைப் பார்த்து.

"அந்தப் பொண்ணு சேந்துடுச்சா?" என்றார் ஒல்லி.

"எந்தப் பொண்ணு?"

"அதான், நம்ம ஊழியர் பொண்ணு. லிஃப்ட்ல வேலை பாக்குறவராமே, யாருன்னு தெரியல. காலேஜ் நூற்றாண்டு மலர்ல போட்டோ போடணும்னு தேர்வுக் குழுத் தலைவர் கேட்டுக்கிட்டே இருக்காரு."

"மார்க் இருக்கா?"

"இருக்கு. அந்த மார்க்ல இன்னும் நாப்பது பேர் இருந்தாங்க. லிஃப்ட்னு சொன்னதும் தலைவர் உடனே சரின்னுட்டாரு. பேருக்கு ஒண்ணு வேணும்ல. முதல் வருஷம் தாண்டுதான்னு பாப்போம்."

இருவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பென்றுகூடச் சொல்ல முடியாது. வேலைக்கு நடுவே சிரிக்கிற சாதாரணச் சிரிப்பு. அவர்கள் முழங்கைக்கு ஒரு சாண் தூரத்தில் அப்பா உட்கார்ந்து பட்டன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது மாடியில் கதவை இழுத்துத் திறந்துவிட்டார். அவர்கள் இறங்கினார்கள். மறுபடி சாத்தினார். லிஃப்ட் அங்கேயே நின்றது.

"எவ்வளவு நாளா தெரியும்?" என்றேன்.

"பத்து நாளா."

"ஏன்ப்பா சொல்லல? நான் உங்க பொண்ணுப்பா!"

"அக்கம்பக்கத்துல உயிர் போற விஷயத்தையே சொல்லாதவன் நான். என் பொண்ணுன்னா மட்டும் சொல்லலாமா? சொல்லிட்டு மறுநாள் இந்த ஸ்டூல்ல எப்படிம்மா உக்காருவேன்?" கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "உன் காதுலயாவது விழ வேண்டாம்னுதான் படில போகச் சொன்னேன்."

எனக்கு அவர்மீது கோபம் பற்றிக்கொண்டு வந்தது. கத்த வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இங்கே படித்தால் என்னைப் பற்றி யார் என்ன பேசினாலும் முதலில் கேட்கப்போவது இவர்தான். நான் ஒரு பரீட்சையில் தவறினால் எனக்கு முன்னே இவருக்குத் தெரியும். நோயாளி முன்னால் உளறிவிட்டு யாரிடமாவது திட்டு வாங்கினால், அதை மற்றவர்கள் நடித்துக் காட்டிச் சிரிப்பதை இவர் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு வீட்டுக்கு வந்து, "சாப்பிட்டியாம்மா?" என்பார். ஐந்தரை வருடம். என் வெட்கத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவே இல்லை.

ஒருவேளை அந்த நாற்பது பேரில் நான்தான் முதல் ஆளோ என்னவோ. என்னைக் கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இனி தெரியப்போவதில்லை.

அப்பா கையைப் பலகைக்குக் கொண்டுபோனார். "எந்த மாடி?" என்று கேட்டார். முன்பின் தெரியாதவர்களிடம் கேட்கிற அதே குரல். கண்கள் மட்டும் கலங்கியிருந்தன.

"கீழப்பா," என்றேன்.

அவர் அழுத்துவதற்குள் கதவை யாரோ தட்டினார்கள். அதே இருவர். "ரூம் பூட்டிக் கிடக்கு, சாவி கீழயாம்," என்று அலுத்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். இரண்டாவது மாடியில் தலைமை நர்ஸும் ஏறினார். முகக்கவசத்தோடேயே என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"என்னண்ணே, பொண்ணு சேந்தாச்சா? இனிமே நீங்க டாக்டருக்கு அப்பா!"

அப்பா எப்போதும் போலப் புன்னகைத்துவிட்டு விட்டிருக்கலாம். விட்டுவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன்.

"இல்ல சிஸ்டர்," என்றார். "வெளியூர்ல சேருது. அங்க கேள்வி கேட்டு, பதிலைப் பாத்துக் குடுத்தாங்க. இங்க போட்டோவுக்காகக் குடுத்தாங்களாம்."

வழுக்கைத் தலையர் திரும்பினார். ஒல்லியானவர் முதலில் அப்பாவையும் பிறகு என்னையும் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர்கள் அப்பாவின் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"கீழ்த்தளம்," என்றார் அப்பா. கதவை இழுத்துத் திறந்தார்.

அவர்கள் வேகமாக இறங்கிப் போனார்கள். நர்ஸ் ஒன்றும் புரியாமல் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நான் வெளியே நின்று போனை எடுத்து, சம்மதம் என்று அழுத்தினேன். மணி மூன்றே கால். அம்மாவிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

திரும்பிப் பார்த்தேன். ஒரு ஸ்ட்ரெச்சர் வந்துகொண்டிருந்தது. அப்பா ஸ்டூலில் உட்காரவில்லை. அதைச் சுவரோரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, நின்றபடியே, "எந்த மாடி?" என்று கேட்டார்.